கை கழுவக்கூட விடவில்லை

பனங்கட்டுக்கொட்டு,
மன்னார்.
செவ்வாய்க்கிழமை

லோறன்ஸ் அவர்களுக்கு,

கலியாணம் கட்டிய நாளில் இருந்து உங்களை நான் பெயர் சொல்லி அழைத்ததில்லை. நேரில் "இஞ்சருங்கோ" என்பேன், கடிதத்தில் "என் அன்பின்" என்று தொடங்குவேன். இன்றைக்கு இரண்டும் வரவில்லை. வராததை வலிந்து எழுத எனக்கு விருப்பமும் இல்லை. நீங்கள் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் செபிக்கிறேன். அதில் ஒரு குறையும் வைக்கவில்லை.

இந்தக் காலத்தில் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் நான் வாய் திறந்தால் நீங்கள் கத்துகிறீர்கள், பிறகு வெட்டிவிடுகிறீர்கள். போன ஞாயிற்றுக்கிழமை "ஜெசிந்தா" என்று மகளின் பெயரைச் சொன்னதுதான் தெரியும், அந்தப் பக்கத்தில் சத்தமே இல்லை. கடிதத்தை அப்படி இடையில் வெட்ட முடியாது. கிழிக்கலாம். கிழிக்கிறதென்றால் வாசித்து முடித்துவிட்டுக் கிழியுங்கள். உப்புக்குளத்து ஹலீம் லீவு முடிந்து தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்துவிடுகிறேன். பாரைக் கருவாடும் வறுத்த மிளகாய்த்தூளும் அதே பார்சலில் இருக்கின்றன. என் கோபம் வேறு, நீங்கள் சாப்பிடுவது வேறு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். உங்களுக்கு உங்கள் தமையன் சிங்கராசா சொன்ன கதை மட்டும்தான் தெரியும். என்னிடமோ மகளிடமோ நீங்கள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

ஓ.எல். சோதனை எழுதிய பிள்ளைகள் றிசல்ட் வரும்வரை வீட்டில் போனோடு குந்தியிருக்கக்கூடாது, ஏ.எல். படிப்புக்கு எந்தப் பாடம் எடுப்பது என்பதை ஒரு தொழிலைக் கண்ணால் பார்த்துவிட்டு முடிவெடுக்கட்டும் என்று பள்ளிக்கூடத்தில் இந்த முறை ஒரு ஏற்பாடு செய்தார்கள். ஒரு மாதம் எங்காவது வேலை பழகப் போகவேண்டும். எங்கே என்று பிள்ளையே கேட்கலாம். பொறுப்பு யாகப்பர் சேர். சில பிள்ளைகள் வங்கி கேட்டார்கள், சிலர் காற்றாடியில் கரண்ட் எடுக்கிற கம்பனி கேட்டார்கள், பெண் பிள்ளைகள் கனபேர் ஆஸ்பத்திரி கேட்டார்கள். எங்கள் பிள்ளை உப்புக்குளத்தில் தில்லைநாதன் டொக்டர் சொந்தமாக நடத்துகிற மிருக வைத்திய நிலையத்தைக் கேட்டாள். அந்த இடத்தைக் கேட்ட ஒரே பிள்ளை அவள்தான்.

அன்றைக்கே உங்களுக்குப் போன் எடுத்துச் சொன்னேன். "மிருக டொக்டரிட்டப் பழகப் போறாளாம்" என்றேன். உங்கள் காதில் டொக்டர் மட்டும்தான் விழுந்தது. "என்ர மகள் டொக்டரிட்டப் பழகிறாள்" என்று அங்கே உங்கள் அறையில் எல்லோருக்கும் பலகாரம் வாங்கிக் கொடுத்தீர்களாம். நான் அடுத்த முறையும் சொன்னேன், ஆடு மாடு பார்க்கிற டொக்டர் என்று. "ஓம் ஓம், எல்லாம் டொக்டர்தானே" என்று சிரித்தீர்கள். மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். உங்களுக்குத் தெரியாமல் இங்கே ஒன்றும் நடக்கவில்லை.

அவள் போன முதல் கிழமை வீடு வேறு மாதிரி இருந்தது. பேசாத பிள்ளை பேசத் தொடங்கினாள். நாய்க்கு ஊசி போடும்போது தோலை எப்படித் தூக்கிப் பிடிப்பது, மாடு எந்தப் பக்கம் உதைக்கும், றோட்டில் திரிகிற கழுதைகளின் குளம்பு ஏன் வெடிக்கிறது என்று சோறு ஆறும்வரை கதை. நான் கருவாட்டு நாற்றத்தோடு வருவேன், அவள் மருந்து நாற்றத்தோடு வருவாள். இரண்டு பேரும் கிணற்றடியில் நின்று சிரிப்போம். அந்தச் சிரிப்பை நீங்கள் ஒருக்காலாவது கேட்டிருந்தால் உங்களுக்கு அந்தக் கை வந்திருக்காது. உங்கள் கை என்றுதான் சொல்கிறேன். அடித்தது தமையன் என்றாலும் அனுப்பியது நீங்கள்.

தாராபுரத்தில் இருந்து உம்மு குல்சூம் என்கிற அம்மா தன் ஆட்டை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறா. புருசன் இல்லாத மனுசி, ஆடுகள்தான் சீவியம். குட்டி ஈன முடியாமல் ஆடு கத்திக் களைத்துவிட்டது. குட்டியின் முன்கால்கள் வெளியே தெரிகின்றன, தலை பின்னுக்கு மடிந்து நிற்கிறது. டொக்டரின் கை பெரியது, உள்ளே போகவில்லை. அங்கே நின்றவர்களில் சின்னக் கை எங்கள் பிள்ளையின் கைதான். "செய்வியோ?" என்று டொக்டர் கேட்டாராம். இவள் முழங்கைவரை சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு முட்டுக்காலில் இருந்திருக்கிறாள். "மெதுவா உள்ள தள்ளு. இப்பத் தலையைத் தேடு. மூக்கு ஆம்பிடுதோ?" என்று அவர் கேட்க, "ஆம்பிடுது சேர், ஆனா வழுக்குது" என்று இவள் சொல்ல, உம்மு குல்சூம் ஆட்டின் கழுத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு ஓதிக்கொண்டு இருந்தாவாம். தலையைத் திருப்பி எடுத்துவிட்டாள். குட்டி உயிரோடு விழுந்தது. பதினாறு வயதுப் பிள்ளை.

வேலிக்கு வெளியே நின்ற ஒருவன் இதைப் போனில் பிடித்திருக்கிறான். அதற்கு ஒரு சினிமாப் பாட்டைப் போட்டு, "ஆட்டுக்கு மருத்துவிச்சி" என்று பெயர் வைத்து, பல்லைக் காட்டுகிற பொம்மைகளும் ஒட்டி ஊர் முழுக்க அனுப்பினான். அதுதான் உங்கள் அறைக்கும் வந்தது. பக்கத்துக் கட்டில்காரன் சிரித்தான் என்று உங்களுக்கு மானம் போய்விட்டது.

நானும் அந்தப் படத்தைப் பார்த்தேன். திரும்பத் திரும்பப் பார்த்தேன். அவளுடைய கை உள்ளே இருக்கிறது, முகத்தில் மயிர் விழுந்து கிடக்கிறது, வாயைக் கடித்துக்கொண்டு இருக்கிறாள். அதோடு முடிகிறது. குட்டி வெளியே வந்ததை அவன் வைக்கவில்லை, வெட்டிவிட்டான். சிரிக்கிறதுக்குத் தேவையான அளவை மட்டும் வைத்திருக்கிறான். ஊருக்குத் தெரியாது, சரி. பெற்ற தகப்பன் நீங்கள், "பிறகு என்ன நடந்தது பிள்ளை, ஆடு தப்பிச்சுதோ?" என்று கேட்க உங்களுக்கு நா வரவில்லையே!

நீங்கள் எனக்குப் போன் எடுக்கவில்லை. அவளுக்கு எடுக்கவில்லை. தமையனுக்கு எடுத்தீர்கள்.

அடுத்த நாள் காலை நான் அவருடைய கருவாட்டு வாடியில் கட்டா மீன் வெட்டிக்கொண்டு இருந்தேன். அவர் வந்து ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு, "ஒரு அலுவலாப் போட்டு வாறன்" என்று எனக்கே சொல்லிவிட்டு மோட்டார்சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். நான் தலையாட்டினேன். என் பிள்ளைக்கு அடிக்கப் போகிறவருக்கு நான் தலையாட்டி அனுப்பியிருக்கிறேன்.

அங்கே நடந்ததை உம்மு குல்சூம் வாடிக்கே ஓடிவந்து எனக்குச் சொன்னா. ஆட்டுக்குப் பால் சுரக்கவில்லை என்று அன்றைக்கும் வந்திருந்தவ. ஒரு கழுதைக்குப் பின்காலில் புண், புழு வைத்துவிட்டது. ஜெசிந்தா கையுறை போட்டுப் புழு எடுத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். உங்கள் தமையன் கேட்டைத் திறந்து நேரே வந்து அவளுடைய கையைப் பிடித்து இழுத்திருக்கிறார். அவள் எதிர்த்துப் பேசவில்லை. "கை கழுவிட்டு வாறன் பெரியப்பா, விடுங்கோ" என்றுதான் சொல்லியிருக்கிறாள். விடவில்லை. மேசையைப் பிடித்தாளாம். கன்னத்தில் அறைந்தாராம். அங்கே மாட்டோடு நின்றவர்கள், நாயோடு நின்றவர்கள், ஓட்டோக்காரர் எல்லோரும் பார்த்திருக்க, அந்தப் புழு எடுத்த கையோடு அவளை மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். "அந்தப் புள்ளைய விடுங்க, உங்களுக்கு அல்லா இல்லையா?" என்று உம்மு குல்சூம் மட்டும்தான் கத்தியிருக்கிறா. அவவுக்கும் நல்ல பேச்சு விழுந்ததாம்.

அறைந்ததை உங்கள் தமையன் உங்களுக்குச் சொல்லியிருக்கமாட்டார். "புத்தி சொல்லிக் கூட்டிவந்தன்" என்றிருப்பார். நான் வீட்டுக்குப் போனபோது அவளுடைய கன்னத்தில் விரல் அடையாளம் இருந்தது. கிணற்றடியில் இருந்து கையைத் தேய்த்துக்கொண்டு இருந்தாள். உடுப்புச் சவர்க்காரம் போட்டுத் தேய்க்கிறாள், வார்க்கிறாள், திரும்பவும் தேய்க்கிறாள். நான் வாளியைப் பறித்துத்தான் நிறுத்தினேன். அழவில்லை. "அம்மா, அந்தக் கழுதையின்ர புண்ணை ஆரும் மூடி விட்டிருப்பினமோ?" என்றுதான் கேட்டாள்.

அந்த நேரத்தில்தான் நீங்கள் போன் எடுத்தீர்கள். "இவளை இனி ஆர் கட்டுவான்?" என்று கேட்டீர்கள். பிள்ளை பக்கத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சாப்பிட்டாளா என்று கேட்கவில்லை. நான் பதில் சொல்வதற்குள் தையல் பழக அனுப்பச் சொல்லிவிட்டு வெட்டிவிட்டீர்கள்.

நான் அன்றைக்கே வாடிக்குத் திரும்பிப் போனேன். வேலைக்காரப் பெண்கள் எல்லோரும் வெட்டிக்கொண்டு இருந்தார்கள். கத்தியை உங்கள் தமையனின் காலடியில் வைத்தேன். பயப்பட்டுவிட்டார், நான் குத்த வந்தேன் என்று நினைத்தாரோ தெரியாது. நான் கேட்டது இதுதான்: "கலியாணம் முடிச்சு வந்த நாளில இருந்து இந்தக் கை உங்கட மீனின்ர வயித்துக்குள்ளதானே கிடக்குது. குடல் உருவேக்க உங்களுக்கு ஒரு நாளும் வெட்கமா இருக்கேல்லையோ?" அவர் "அது தொழில்" என்றார். "அவள் பழகப் போனதும் தொழில்தான்" என்றேன். "பொம்பிளைப் பிள்ளை எண்டு ஒண்டு இருக்கு" என்றார். "நான் ஆம்பிளையோ?" என்றேன். ஒருத்தி சிரித்துவிட்டாள். அதுதான் அவருக்கு என் பேச்சைவிடக் கூடச் சுட்டிருக்கும். "இனி இந்த வாடிப் பக்கம் வரவேண்டாம்" என்று சொல்லிவிட்டார். நான் போகவில்லை. இப்போது நானே கடற்கரையில் மீன் வாங்கி வீட்டு முற்றத்தில் காயப்போடுகிறேன். உங்களுக்கு வருகிற கருவாடு அதில் போட்டதுதான். உப்பு கொஞ்சம் கூடிவிட்டது, கழுவிப் பொரியுங்கள்.

பள்ளிக்கூடத்துக்குப் போனால் அங்கே வேறு கதை. உங்கள் தமையன் எனக்கு முந்திப் போய், தகப்பன் சொன்னவர் என்று சொல்லி அவள் பழகப் போவதை நிறுத்திவிட்டார். யாகப்பர் சேர் மறுபேச்சு இல்லாமல் ஓம் என்றிருக்கிறார். ஒரு தையல் கடைக்கும் சொல்லி வைத்துவிட்டார். "தகப்பன்ர விருப்பம் எண்டு சொல்லேக்க நான் என்ன செய்யிறது அம்மா?" என்கிறார். அவளைப் பாலர் வகுப்பில் சேர்த்த நாளில் இருந்து ஒவ்வொரு கூட்டத்துக்கும் வாங்கில் இருந்தது நான். அவளுக்கு நெருப்புக்காய்ச்சல் வந்தபோது வகுப்பில் இருந்து தூக்கிக்கொண்டு ஓடியது நான். அங்கே என்னைத் தெரியாத வாத்தியார் இல்லை. ஆனாலும் கடல் தாண்டி இருக்கிற உங்கள் பெயரை இன்னொரு ஆம்பிளை வந்து சொன்னால் போதுமாம். அவரிடம் சொன்னேன்: "தைக்கிறது கூடாத வேலை எண்டு நான் சொல்லேல்லை சேர். அவள் கேட்டது அது இல்லை. பிள்ளையளைக் கேட்டுத்தானே இடம் குடுத்தனீங்கள்? பிறகு ஏன் கேட்டனீங்கள்?" சேர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிள்ளை திரும்ப வருவாள் என்று என் முன்னாலேயே டொக்டருக்குப் போன் பண்ணினார்.

தில்லைநாதன் டொக்டரையும் நான் விடவில்லை. அவர் நல்ல மனுசன் என்று எல்லோரும் சொல்கிறார்கள். இருக்கட்டும். அவள் இழுபட்டுப் போகும்போது அவர் தண்ணீர்ப் பைப்படியில் நின்றிருக்கிறார். பிள்ளையைக் கை கழுவ விடவில்லை, இவர் தன் கையை நன்றாகக் கழுவிக்கொண்டார். "அது உங்கட குடும்ப விசயம் அம்மா, நான் என்னெண்டு தலையிடுறது?" என்றார். "உங்கட வளவுக்குள்ள நிண்ட நாய்க்கு ஆரும் அடிச்சாப் பாத்துக்கொண்டு நிப்பியளோ?" என்று கேட்டேன். அவர் கதிரையில் இருந்துவிட்டார். பிறகு, "அனுப்புங்கோ. வாசலில நான் நிக்கிறன்" என்றார். வேலிக்கு மறைப்பும் கட்டச் சொன்னேன். கட்டிவிட்டார்.

ஆனால் பிள்ளை போகமாட்டேன் என்றுவிட்டாள். அது எனக்கு எதிர்பாராத அடி. "விடுங்கோ அம்மா, எல்லாரும் பாத்தவை" என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. இரண்டு நாள் கழித்து ஒன்றுதான் சொன்னேன்: "உனக்கு அந்த வேலை பிடிக்காட்டி விட்டுடு. நான் கேக்கமாட்டன். அடி வாங்கினதுக்காக விடாத." அடுத்த நாள் நான் எழும்பும்போது தலை இழுத்துக் கட்டிக்கொண்டு நின்றாள். நான் கூடப் போனேன். ஓட்டோ பிடிக்கவில்லை. சந்தைப் பக்கத்தால், பஸ் ஸ்ராண்டைத் தாண்டி, எல்லோருக்கும் தெரிய நடந்து போனோம். வழியில் ஒரு கூட்டம் இளந்தாரிகள் கழுதை மாதிரிக் கத்தினார்கள். அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள், ஆனால் நடையைக் கூட்டவில்லை. டொக்டர் வாசலில் நின்றார். சொன்னபடி நின்றார் என்பதற்காக அவருக்கு நான் ஒரு நன்றி மட்டும் சொன்னேன். மற்றதை இன்னும் மன்னிக்கவில்லை.

இதோடு கதை நன்றாக முடிந்தது என்று எழுதினால் உங்களுக்கும் லேசு, எனக்கும் லேசு. முடியவில்லை.

போன வெள்ளிக்கிழமை பாலத்தடியில் ஒரு லொறி கழுதையை அடித்துவிட்டுப் போய்விட்டது. மீன் வண்டில்காரர்கள் தூக்கிவந்து டொக்டரிடம் போட்டார்கள். சின்னக் கழுதை. முதுகெலும்பு முறிந்துவிட்டது, பின்பக்கம் அசைவில்லை. ஒன்றும் செய்ய முடியாது, வலி இல்லாமல் அனுப்புகிற ஊசி போடவேண்டும் என்று டொக்டர் சொன்னார். "நீ வெளியில நில்" என்றும் சொன்னாராம். அவள்தான் போகவில்லை. தலையை மடியில் வைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். ஊசி ஏறும்வரை அது அவளையே பார்த்துக்கொண்டு இருந்ததாம்.

வீட்டுக்கு வந்து சோற்றைத் தொடவில்லை. "அம்மா, எனக்கு இது ஏலாதெண்டு நினைக்கிறன்" என்றாள்.

இதை வாசித்து, "நான் அப்போதே சொன்னேன்" என்று நீங்கள் சந்தோசப்படுவீர்களானால், லோறன்ஸ், இனி இந்த வீட்டுக்குப் பேசவேண்டாம். அவளுக்கு ஏலாமல் இருக்கலாம். அதைக் கண்டுபிடிக்கத்தானே அந்த ஒரு மாதம் கொடுத்தார்கள். ஏலும் என்றாலும் ஏலாது என்றாலும் அது அவள் வாயில் இருந்து வரவேண்டும். அவள் அதை விடுகிறதென்றால் அந்தக் கழுதைக்காக விடட்டும். உங்கள் தமையனின் கைக்காக விடக்கூடாது. உங்கள் பக்கத்துக் கட்டில்காரனின் சிரிப்புக்காக விடக்கூடாது. றிசல்ட் வந்தவுடன் விலங்கியல் எடுப்பதா வர்த்தகம் எடுப்பதா என்று அவள் எழுதிக் கொடுக்கவேண்டும். எதை எழுதினாலும் நான் கையெழுத்து வைப்பேன். உங்கள் தமையன் பள்ளிக்கூடப் படி ஏறினால் நானும் ஏறுவேன்.

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டு இருந்தேன். கச்சான் காற்றுக்குக் குசினிக் கூரையின் ஒரு தகரம் கிளம்பி அடித்துக்கொண்டே இருக்கிறது, அதையும் ஆள் பிடித்துத்தான் கட்டவேண்டும். அந்தச் சத்தத்துக்குள் அவள் வந்து கதவு நிலையில் சாய்ந்து நின்று கேட்டாள்.

"அம்மா, அப்பான்ர குதிரை ஒண்டு செத்தா அப்பா அடுத்த நாள் என்னெண்டு வேலைக்குப் போவார்?"

நான் துருவிய பாதித் தேங்காயைக் கீழே வைத்தேன்.

எனக்குத் தெரியும் என்பது உங்களுக்குத் தெரியாது. நீங்கள் ஊருக்கு ஸ்டோர் சுப்பர்வைசர். போன லீவுக்கு வந்தபோது உங்கள் தோள்மூட்டில் கடித்த தழும்பு இருந்தது. பெட்டி விழுந்தது என்றீர்கள். பெட்டிக்குப் பல் இல்லை. ஹலீமிடம் நான்தான் வற்புறுத்திக் கேட்டேன், அவரில் கோபிக்காதேங்கோ. பணக்காரர் ஒருவரின் குதிரை லாயத்தில் சாணி அள்ளி, குளிப்பாட்டி, தீனி வைக்கிறீர்கள் என்று சொன்னார். உங்கள் பொறுப்பில் இருந்த பெண்குதிரை வயிற்றுக் குத்து வந்து செத்த நாளில், பாய் விரிக்காமல் அதன் கொட்டிலிலேயே கிடந்தீர்கள் என்றும் சொன்னார். நான் ஒருவருக்கும் வாய் திறக்கவில்லை. நீங்கள் மறைக்க விரும்பியதை மதித்து மறைத்தேன். அதை ஒரு கேவலம் என்று நான் ஒரு நாளும் நினைக்கவில்லை. நீங்கள் நினைத்திருக்கிறீர்கள். அதனால்தான் அவளுடைய கையைப் பார்த்தவுடன் உங்களுக்கு அப்படிக் கொதித்தது. அந்தக் கொதிப்பு அவளில் இல்லை, உங்களில். அதற்கு என் பிள்ளை கன்னத்தில் வாங்கினாள்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். அதே லீவில் உங்கள் போனில் பாட்டு ஏற்றித் தரச் சொல்லிக் கொடுத்தீர்களாம். அதில் ஒரு படம் இருந்ததாம். ஒரு கபில நிறக் குதிரை உங்கள் தோளில் தாடையை வைத்துக்கொண்டு நிற்கிறது, நீங்கள் சிரிக்கிறீர்கள். "அப்பா எங்களுக்கு அனுப்பின ஒரு படத்திலயும் அப்பிடிச் சிரிக்கேல்லை அம்மா" என்றாள். இத்தனை காலமும் அவளும் ஒருவருக்கும் சொல்லவில்லை. அதனால்தான் அந்த இடத்தைக் கேட்டாளா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்கவேண்டியது நான் இல்லை.

அவளுடைய கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. நான் மீன் வெட்டுகிறவள். என்னிடம் வரும்போது அவை செத்துத்தான் வருகின்றன, கண்ணைப் பார்த்து எனக்குப் பழக்கமில்லை. டொக்டரிடம் கேட்கச் சொன்னேன், "அவர் ஊசி போட்டவர், அவரிட்டக் கேக்கேலாது" என்கிறாள். அவளுக்கு இந்த உலகத்தில் கேட்க ஒரு ஆள்தான் இருக்கிறார். அந்த ஆள் தமையனுக்குப் போன் எடுத்துக்கொண்டு இருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து நாங்கள் வீட்டில் இருப்போம். போனை அவள் கையில் கொடுத்துவிட்டு நான் கடற்கரைக்குப் போய்விடுவேன். போன் எடுங்கள். மன்னிப்புக் கேளுங்கள் என்று நான் சொல்லவில்லை. அது உங்களுக்கு வராது, உங்களை எனக்குத் தெரியும். அந்தப் பெண்குதிரைக்கு என்ன பெயர் வைத்துக் கூப்பிட்டீர்கள் என்று அவளுக்குச் சொல்லுங்கள். அது கிடந்தபோது அதன் தலையை எப்படிப் பிடித்தீர்கள் என்று சொல்லுங்கள். விடிந்த பிறகு மற்றக் குதிரைகளுக்குத் தண்ணீர் வைக்க எப்படி எழும்பினீர்கள் என்று சொல்லுங்கள். அவள் கேட்டுக்கொண்டு இருப்பாள். வெட்டிவிடாதேங்கோ.

என் கோபம் இன்னும் ஆறவில்லை, ஆறும் என்று பொய் எழுதவும் மாட்டேன். என்றாலும் வெயிலில் தொப்பி போடாமல் நிற்காதீர்கள். தோள் தழும்பு நொந்தால் எண்ணெய் பூசுங்கள். மடு மாதா உங்களையும், உங்கள் கையில் இருக்கிற அந்த வாயில்லாச் சீவன்களையும் காப்பாற்றட்டும்.

ஜெசிந்தாவின் தாய்,
பிரான்சிஸ்கா